ஒன்பதாவது கூற்று

நாற்பது கூற்றுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஐந்து கட்டங்கள்.
முற்றாக மறுக்கிறேன் என்பதில் தொடங்கி
முற்றாக உடன்படுகிறேன் வரை.
எங்கேயோ பனி கொட்டும் நாடொன்றில் செய்த அளவுகோல்,
ஆன்மிக நுண்ணறிவுக்கு.
தமிழாக்கியது நான்.
கோண்டாவில் வாடகை அறையில்
கறண்ட் போய்ப் போய் வந்த இரவுகளில்.

ஒன்பதாவதில் மூன்று நாள் நின்றேன்.
தன்னைத் தாண்டி, இந்த உலகத்தையும் தாண்டி
ஏதோவொன்றைத் தொடுவது.
அதற்கு என்னிடம் இருந்த சொல் கடந்த நிலை.
'கடந்த நிலையை நான் அடிக்கடி உணர்கிறேன்.'
உரத்து வாசித்துப் பார்த்தேன்.
பரவாயில்லை, தேவார உரை மாதிரி இருந்தது.

பாசையூரில் அறுபத்திரண்டு பேர்.
கதிரை தந்தார்கள், நெக்டோ உடைத்துத் தந்தார்கள்.
'கடவுள் என்னோடு இருக்கிறார்' என்பதற்கு
மூன்று போட்டவர்கள் உண்டு.
'எனக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்துவிட்டேன்' என்றபோது
பேனையைக் கொஞ்சநேரம் மடியில் வைத்திருந்தார் சவிரியான்.
ஒன்பதில் மட்டும் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.
ஐந்து. ஐந்து. ஐந்து.
செபமாலை அண்ணர் புள்ளடியை அழுத்தியதில் தாள் கிழிந்தது.
"அடிக்கடியோ பிள்ளை?
படுத்தா வாறது அதுதானே."

பேராசிரியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.
சராசரி நாலு தசம் ஒன்பது நாலு!
"கரையோரச் சமூகங்களிடையே," என்று
கட்டுரையின் முதல் வரியை அப்போதே சொல்லத் தொடங்கினார்,
"அப்பாலை பற்றிய உணர்வு அசாதாரணமான..."
நான் குறித்துக்கொண்டேன்.

பரமேஸ்வராச் சந்தியில் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான்
அவர்களுடைய காதால் அதைக் கேட்டேன்.
கடந்த கிழமை.
கடந்த வருசம்.
கடந்த நிலை.

ஒரேயொரு படிவத்தில் ஒன்று. இலக்கம் முப்பத்தேழு, எமில்டா.
"விலகல் பெறுமானம், நீக்கிவிடலாம்" என்றிருந்தார் பேராசிரியர்.

றால் தரம்பிரித்துக்கொண்டிருந்தா அன்றைக்கு.
கை ஈரமென்றபடியால் நான் வாசிக்க
அவ சொல்ல, நானே கட்டம் நிரப்பினேன்.
ஒன்பதை வாசித்தேன்.
பெரிய றாலொன்றை ஐஸுக்குள் தள்ளியபடி
"கடந்ததெண்டு ஆர் சொன்னது?"
பிறகு, "ஒண்டைப் போடும்."
அவவுக்குப் பின்னால் ஆணியில் குத்திய பற்றுச்சீட்டுகள்,
கடற்றொழிலாளர் சங்க மாதச் சந்தா,
எல்லாம் யூஜின் பெயரில்.
மேலே இருந்தது போன மாதத்துச் சீட்டு.
யூஜினை நான் காணவில்லை.
அந்த வீட்டில் ஒருவரும் பதினாறு வருசமாய்க் காணவில்லை.
நான் ஒன்றும் கேட்கவில்லை,
பத்தாவதுக்குப் போனேன்: 'நான் பொறுமைசாலி.'
"நாலு" என்றா.

எல்லாவற்றையும் சொன்னேன் பேராசிரியரிடம்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார்,
மறுபடி கழற்றினார்.
அவருக்கும் ஊர் மயிலிட்டி, முப்பது வருசம் போக விடாத ஊர்.
"நான் வாசிச்சபோதும்," என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.
பிறகு, "ஒன்பதைத் தூக்கும்."

தூக்கினோம். நம்பகக் குணகம் கொஞ்சம் இறங்கியது,
ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவுதான்.
முப்பத்தொன்பது கூற்றுகளோடு
எமில்டா தாழ்நிலையிலிருந்து இடைநிலைக்கு ஏறினா.
பழைய படிவங்கள் பால்மாப் பெட்டியொன்றில்
என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன.
இரண்டு இரவு எடுத்துப் பார்த்தேன்,
செபமாலை அண்ணரின் கிழிசலை மட்டும்.

நாளைக்குப் புதுப்படிவத்தோடு திரும்பப் போகவேணும்.
எட்டு முடிந்து நான் அடுத்ததை வாசிக்க
எமில்டா கையை நிறுத்துவா.
கேட்பா,
அந்தக் கேள்வி எங்க எண்டு.